பரணுக்கும் மலைக்கும் நடுவே: பண்டிகைப் பரிசு பற்றிய ஒரு பழைய கேள்வி

பண்டிகைக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடைக்குப் பஞ்சமில்லை. புடவை, வேட்டி, எவர்சில்வர் அடுக்கு, குத்துவிளக்கு, வெள்ளித் தட்டு, பவுன் காசு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலில் ஒரு பங்கு பரணில் ஏறிக்கொள்கிறது, அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமலே அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டும் விடுகிறது என்ற அலுப்பும் கூடவே இருக்கிறது. சுவர்க்கடிகாரம் இதற்குப் பேர்போனது. நாலு சுவர் உள்ள வீட்டுக்கு ஏழு கடிகாரம் வந்து சேரும். இந்த அலுப்பிலிருந்து பிறந்ததுதான் அண்மைக்காலத்து விடை: பொருளைக் கொடுக்காதீர்கள், அனுபவத்தைக் கொடுங்கள். தலை தீபாவளிக்கு வரும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வெள்ளிச் சாமானுக்குப் பதில் இரண்டு நாள் மலைப்பயணம். பேரப்பிள்ளைக்கு பேட்டரி காருக்குப் பதில் ஓர் அருவிக்குளியல். நாமக்கல், சேலம், திருச்சி, ஈரோடு பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்த விடை பல சமயம் கொல்லிமலை என்ற பெயரில் வருகிறது. கீழே காரவல்லியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சோளக்காடு, செம்மேடு, அறப்பளீஸ்வரர் கோயில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி.

இந்த விடை எவ்வளவு தூரம் சரி என்பதுதான் இங்கே பரிசீலிக்கப்படுவது. பொருளின் பக்கம் நின்றவர்களும் அனுபவத்தின் பக்கம் நின்றவர்களும் வலுவான காரணங்களோடுதான் நின்றிருக்கிறார்கள். ஆனால் இரு தரப்பும் ஒரு கேள்வியை ஒதுக்கியே வைத்திருப்பதாக எனக்குப் படுகிறது. பரிசு எந்த வடிவில் வருகிறது என்பதைக் கேட்ட அளவுக்கு, அது யாருடைய இருப்பிலிருந்து எடுக்கப்படுகிறது, அதன் சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்று கேட்கப்படவில்லை. அதைக் கேட்பதற்குக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

ஓரி கொடுத்தது

கொடை பற்றிய தமிழின் பழைய பேச்சில் இந்த மலைக்கு ஓர் இடம் உண்டு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி கொல்லிமலைக்கு உரியவன். எழுவரையும் வரிசையாகச் சொல்லும் சிறுபாணாற்றுப்படையைப் பார்த்தால் சங்க மரபு பொருளின் பக்கம்தான் நிற்கிறது என்று தோன்றும். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான், பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான், அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தான். ஓரியோ கூத்தருக்கு நாட்டையே கொடுத்ததாக அந்நூல் சொல்கிறது. அதைவிட இடத்தை அடைக்கும் பரிசு வேறு இருக்க முடியாது.

ஆனால் புறநானூற்றில் ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய இரண்டு பாடல்களையும் சேர்த்துப் படித்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. 152ஆம் பாடலில் பாணர் கூட்டம் காட்டு வழியில் ஒரு வேடனைப் பார்க்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை துளைத்துச் செல்கிறது. இவன் ஓரியோ, வேறு யாரோ என்ற ஐயத்தோடே அவர்கள் இசைக்கிறார்கள். தன் பெயர் காதில் விழுந்ததும் அவன் கூச்சப்படுகிறான். மேற்கொண்டு பேச விடாமல் வேட்டையாடிய மானின் இறைச்சியையும் உருக்கிய நெய் போன்ற மதுவையும் கொடுத்துவிட்டு, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அந்தக் காட்டிலேயே கையில் திணிக்கிறான். இதில் பொருள் எது, அனுபவம் எது? பொன் பொருள்தான். ஆனால் அந்த அம்பைக் கண்ணால் கண்டது, காட்டுக்குள் வெந்த கறியைத் தின்றது, அரசன் வெட்கப்பட்டதைப் பார்த்தது எல்லாம் சேர்ந்தே பரிசு. பொன்னை மட்டும் ஆள் வழியாக அனுப்பியிருந்தால் இந்தப் பாட்டு பிறந்திருக்காது.

அடுத்த பாடல், 153, எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. ஓரியிடம் யானைகளும், வெள்ளி நாரில் தொடுத்த, குளத்தில் பூக்காத குவளை மாலையும் பெற்ற கூத்தர் கூட்டம் பசி தீர்ந்துபோய் ஆடவும் மாட்டாமல் பாடவும் மறந்து உட்கார்ந்துவிட்டது. புலவர் இதை ஓரிக்குப் புகழாகத்தான் சொல்கிறார். ஆயினும் பொருள் மிகுந்தால் கலை ஓய்ந்துபோகும் என்ற ஒரு சிறு குறும்பும் அதில் இருப்பதாகப் படிக்க இடமிருக்கிறது. பொருளுக்கு எதிராக இன்று சொல்லப்படும் வாதத்தின் விதை அங்கேயே கிடக்கிறது எனலாம். அதற்கு மேல் இழுத்தால் பாட்டு தாங்காது.

மூன்றாவது சான்று அகநானூறு 209. முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று, பலா விளையும் கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அதில் ஒரு குறிப்பு வருகிறது. கொடைக்குப் பேர்போன மலை தானே ஒரு பரிசாகக் கைமாறிவிட்டது. கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் அது நட்பின் அடையாளம். அந்த மலையில் வாழ்ந்தவர்களைப் பற்றி அந்த வரிகளில் ஒன்றும் இல்லை. இந்த மௌனத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

பேர் வெட்டிய பாத்திரம்

பொருளுக்கு ஆதரவான நவீன வாதத்தின் ஊற்று மார்செல் மோஸ் 1925இல் பிரெஞ்சில் வெளியிட்ட கொடை பற்றிய நீண்ட கட்டுரை. பசிபிக் தீவுகள், வடமேற்கு அமெரிக்கா, பழைய ரோம், இந்தியா என்று பல இடத்துச் சான்றுகளைத் திரட்டி அவர் வந்து சேர்ந்த இடம் இது: கொடுப்பது, வாங்குவது, திருப்பிச் செய்வது ஆகிய மூன்றும் கடமைகள், கொடுத்த பொருளில் கொடுத்தவரின் ஒரு கூறு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அது சும்மா இருக்க விடுவதில்லை.

தமிழ்நாட்டுக்காரருக்கு இதை விளக்க பசிபிக் தீவுகளின் மாவோரி மக்களிடம் போக வேண்டியதில்லை. பாத்திரக் கடையில் அண்டாவையோ தூக்கையோ வாங்கியதும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒருவர் சிறு மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொடுப்பவரின் தலைப்பெழுத்து, பெயர், ஊர், தேதி, சில சமயம் ‘அன்பளிப்பு’ என்ற சொல் எல்லாம் புள்ளி புள்ளியாக விளிம்பில் ஏறும். பேர் வெட்டுவது என்பார்கள். நாற்பது வருஷம் கழித்து அந்தத் தூக்கில் மோர் ஊற்றும்போதும் எழுத்து விரலில் நெருடும். மாமா போய்ச் சேர்ந்திருப்பார்; அவர் பெயர் சமையலறையில் தினமும் கழுவிக் கவிழ்க்கப்படும். மொய் நோட்டு இதற்குத் துணை. யார் எவ்வளவு செய்தார் என்பது வரி வரியாக எழுதப்பட்டு, அவர் வீட்டு விசேஷத்தின்போது பிரித்துப் பார்க்கப்படும். திருப்பிச் செய்யும் கடமைக்கு எழுத்தில் இதைவிடச் சுத்தமான சான்று தேடினாலும் கிடைப்பது கடினம்.

பொருளின் பக்கத்துக்கு இன்னொரு வலுவான காரணம் இருக்கிறது. அனுபவப் பரிசைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை அநேகமாகத் தொடுவதே இல்லை. நிலத்திலும் வீட்டிலும் பங்கு கிடைக்காத பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள நெடுங்காலம் இருந்தது நகையும் பாத்திரமும்தான். சட்டமும் பரிசை அப்படித்தான் பார்க்கிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், திருமணத்தில் மணமக்களுக்கு வந்த பரிசுகளை எழுத்துப் பட்டியலாக வைக்கச் சொல்கின்றன: பொருளின் விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், என்ன உறவு. உறவு முறிந்தால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கேட்கலாம். மலைப்பயணத்தை எந்த வரியில் எழுதுவது? பிரிந்து வரும் பெண் அதில் எதைத் திரும்பக் கேட்பாள்? நெருக்கடியில் அடகுக் கடைக்கு வளையலைத்தான் கொண்டுபோக முடியும். ஆகாய கங்கையில் குளித்த நினைவுக்கு அங்கே எடை போட மாட்டார்கள்.

இத்தரப்பின் பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கடமையாகிவிட்ட கொடை கொடுப்பவரை நெரிக்கும். ஆடிச் சீர், தலை தீபாவளிச் சீர், பொங்கல் சீர் என்று பெண் வீட்டுக்கு வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும் செலவுகளை அன்பின் அடையாளம் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. மோஸ் சொன்ன திருப்பிச் செய்யும் கடமை இந்தியாவில் எல்லா இடத்திலும் பொருந்துவதில்லை என்று ஜோனதன் பாரி 1986இல் ஒரு கட்டுரையில் காட்டினார். தானம் திரும்பி வரக் கூடாது என்பதே இங்குள்ள ஒரு மரபு. சீரும் பெரும்பாலும் ஒரே திசையில்தான் ஓடுகிறது.

கணக்குப் பார்த்தவர்கள்

பொருளாதார அறிஞர்களின் வாதம் சுருக்கமானது, அதனால் இங்கும் சுருக்கமாகவே. 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல், யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றிக் கேட்டார். நீங்களாக வாங்குவதென்றால் இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்பது கேள்வி. கொடுத்தவர் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்பது அவர் கணிப்பு. மூன்று வருஷம் கழித்து, அவர் கட்டுரை வந்த அதே ஆய்விதழில் சாரா சோல்னிக்கும் டேவிட் ஹெமன்வேயும் வேறு ஆட்களிடம் கேட்டு, பரிசின் மதிப்பு விலையைவிடக் கூடுவதாகக் கண்டார்கள். இரு தரப்புக் கணக்கும் ஒத்துப்போகாததற்கு ஒரு காரணம், அன்பையும் சேர்த்து விலை சொல்வதா, கழித்துவிட்டுச் சொல்வதா என்பதில் இருக்கலாம். இந்த வாதத்தை அதன் முடிவு வரை கொண்டுபோனால் கவரில் பணம் வைப்பதே உத்தமம் என்று வரும். மொய் எழுதும் சமூகம் அதை என்றைக்கோ கண்டுகொண்டது. கூட ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்தது.

அனுபவத்தின் பக்கம்

இன்றைய அறிவுரையின் அடித்தளம் உளவியல் ஆய்வு. 2003இல் லீஃப் வான் போவனும் தாமஸ் கிலோவிச்சும், செய்வதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மகிழ்ச்சிக்காகச் செய்த செலவுகளில் எது அதிக மகிழ்ச்சி தந்தது என்று அமெரிக்கர்களிடம் கேட்டபோது, பொருளைவிட அனுபவத்தைச் சொன்னவர்களே அதிகம். காரணங்களாக அவர்கள் முன்வைத்தவை நம்பும்படியாகவே இருக்கின்றன. அனுபவம் நினைவில் மெருகேறுகிறது, பிறரோடு ஒப்பிட்டுப் புழுங்க இடம் குறைவு, சொல்லிச் சொல்லி உறவு வளர்கிறது. பரிசு என்ற குறிப்பிட்ட வடிவத்தைப் பற்றி சிண்டி சானும் காசி மோகில்னரும் 2017இல் எழுதினார்கள்: அனுபவப் பரிசு, கொடுத்தவரும் கூட வராவிட்டாலும், பொருளைவிட உறவை நெருக்கமாக்குகிறது; அனுபவத்தின்போது எழும் உணர்ச்சியின் வீச்சே அதற்குக் காரணம்.

கொல்லிமலைப் பயணத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். 70 வளைவிலும் தலை சுற்றி வாந்தி எடுத்த பிள்ளை பத்து வருஷம் கழித்து அதையே சிரித்துச் சிரித்துச் சொல்லும். சீக்குப்பாறையில் நின்று பார்த்த பள்ளத்தாக்கை எதிர்வீட்டுக்காரர் பார்த்த பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டு யாரும் பொறாமைப்படுவதில்லை. (கைப்பேசியில் படம் போடும் பழக்கம் வந்தபின் இந்த இரண்டாவது காரணம் அவ்வளவு உறுதியாக நிற்குமா என்பது வேறு விஷயம்.) ஆயினும் உளவியல் தரப்புக்குள்ளிருந்தே எழுந்த திருத்தங்கள் உண்டு. லியனார்டோ நிக்கொலாவ் முதலியோர் 2009இல் காட்டியபடி, அனுபவம் கசந்துவிட்டால் இந்த மேன்மை மறைந்துபோகிறது. மழை வெள்ளத்தால் அருவிக்குத் தடை போட்டிருக்கும் நாளில் ஆயிரம் படி ஏறி இறங்கும் ஆசையோடு வந்து திரும்பியவருக்கு நினைவு மெருகேறும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆரன் வைட்மனும் எலிசபெத் டன்னும் 2016இல், பொருள் தரும் மகிழ்ச்சி சிறிது சிறிதாக அடிக்கடி வருகிறது, அனுபவம் தருவது ஒரே சமயத்தில் பொங்கி வருகிறது என்று பிரித்துக் காட்டினார்கள். தூக்கில் நெருடும் எழுத்து முதல் வகை.

கொடுப்பவர்கள் ஏன் இன்னும் பொருளையே நாடுகிறார்கள் என்பதற்கு ஜோசப் குட்மனும் சாரா லிம்மும் 2018இல் சொன்ன விடை நம் ஊருக்கும் பொருந்தும்: அனுபவத்தைத் தேர்ந்தெடுக்க வாங்குபவரை நெருக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். சம்பந்தி வீட்டுப் பெரியவருக்கு மூட்டுவலி என்று தெரியாமல் ஆகாய கங்கைக்கு அனுப்புவதைவிட ஒரு வேட்டி எடுத்துக் கொடுப்பது பாதுகாப்பு.

எவரிடம் மீதமிருக்கிறது

அனுபவத் தரப்புக்கு வந்த மிகக் கனமான மறுப்பு வர்க்கம் சார்ந்தது. ஜேகப் லீ, டெபோரா ஹால், வெண்டி வுட் மூவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அனுபவம் அதிக மகிழ்ச்சி தருவது வசதி உள்ளவர்களுக்கே என்றும், வசதி குறைந்தவர்களுக்குப் பொருளும் அதே அளவோ கூடுதலாகவோ மகிழ்ச்சி தருகிறது என்றும் கண்டார்கள். அலமாரி நிறைந்தவருக்குத்தான் இன்னொரு பொருள் சுமை. அலமாரியே இல்லாதவருக்கு அல்ல. தமிழ்நாட்டு அரசு பண்டிகைக்குக் கொடுக்கும் பரிசைப் பார்த்தாலே இது விளங்கும். 2023 பொங்கலுக்கு ரேஷன் அட்டைதாரர்களுக்குக் கிடைத்தது ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு, 1,000 ரூபாய். அதற்குப் பதில் ஓர் இனிய அனுபவம் தருகிறோம் என்று எந்த ஆட்சியும் சொல்லிப் பார்க்கத் துணியாது.

பொருளையும் அனுபவத்தையும் எதிரெதிராக நிறுத்துவதே பிழை என்பதற்குக் கொல்லிமலையிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் காலங்காலமாகப் பயிரிட்டு வந்த சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் பரப்பு, மரவள்ளி போன்ற பணப்பயிர்கள் வந்தபின் சுருங்கியது. சாமை கைவிடப்பட்டதற்கு விலை மட்டும் காரணமல்ல. உமி நீக்க உரலில் இடித்தாக வேண்டும். மணிக்கணக்கான அந்த வேலை முழுக்கப் பெண்களின் தோளில். 1990களிலிருந்து இந்த மலையில் வேலை செய்து வரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து மகளிர் குழுக்களிடம் விட்டது. இடத்தை அடைக்கும், சத்தம் போடும், எண்ணெய் கேட்கும் இரும்புப் பொருள் அது. ஆனால் அது கொடுத்தது நேரம். 2011இல் தொடங்கிய அரசின் இலவச மிக்ஸி, கிரைண்டரைப் பற்றியும் இதையே சொல்லலாம். நேரம் பொருளா, அனுபவமா என்று இந்த ஆய்வுகளின் வகைப்பாட்டில் தேடினால் கிடைக்காது.

சுமை இறங்கும் இடம்

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்வி. அனுபவப் பரிசுக்கு எடையில்லை, இடத்தை அடைக்காது என்பதுதான் அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம். பரணைப் பொறுத்தவரை அது உண்மை. மலையைப் பொறுத்தவரை உண்மையல்ல. பண்டிகை விடுமுறையில் ஒரு குடும்பம் மலையேறும்போது அதனுடன் ஏறுவது வண்டி, டீசல், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பொட்டலம், துணி. அவற்றில் கணிசமானது இறங்கி வருவதில்லை. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை உண்டு. எந்த அருவிப் பாதையின் ஓரத்தையும் குனிந்து பார்த்தால் தடை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். உலக அளவில் மான்ஃப்ரெட் லென்சன் குழு 2018இல் போட்ட கணக்கின்படி, பசுங்குடில் வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சுற்றுலாவால் வருகிறது. போக்குவரத்தோடு பயணிகள் வாங்கும் பொருட்களும் உணவும் அதில் பெரும்பங்கு. அனுபவத்துக்குள்ளேயே பொருள் புதைந்திருக்கிறது.

கொல்லிமலையிலிருந்து இறங்கும் ஒரு வேனைப் பார்த்தால் போதும். பின்பக்கத்தில் இரண்டு பலாப்பழம், ஒரு தார் மலைவாழை, செய்தித்தாளில் சுற்றிய அன்னாசி, காலடியில் மிளகுப் பொட்டலம், மடியில் உருளாமல் பிடித்துக்கொண்ட தேன் பாட்டில். பொருள் வேண்டாம் என்று கிளம்பிய பயணம் எழுபது வளைவிலும் பலாவை முட்டுக்கொடுத்துக்கொண்டு இறங்குகிறது. அந்தத் தேனில் பாதி அக்கம்பக்கத்துக்குப் பரிசாகப் போகும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மிளகு, காபி, பலா, தேன் விற்ற பணம்தான் மலைக்கு வந்து சேரும் பங்கில் நேரடியானது. வளப்பூர்நாடு, சேலூர்நாடு, அரியூர்நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களில் விளைவித்தவரின் கைக்கு அது வருகிறது. அறை வாடகையும் வண்டி வாடகையும் அப்படி வரும் என்பது நிச்சயமில்லை. விடுதி யாருடையது, வண்டி எந்த ஊர்ப் பதிவு என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் ஓரிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு துலங்குகிறது. ஓரி கொடுத்தது தன் காட்டில் தான் வேட்டையாடிய மான், தன் மலையின் பொன். கொடுத்தவனே மலைக்காரன், வந்தவன் விருந்தாளி. இன்று சேலத்து மாமனார் ஈரோட்டு மாப்பிள்ளைக்குக் கொல்லிமலையைப் பரிசளிக்கும்போது கொடுப்பவரும் வாங்குபவரும் சமவெளிக்காரர்கள். கொடுக்கப்படும் குளிர், நீர், நிழல், அமைதி எல்லாம் மூன்றாமவரின் இருப்பு. வடிவத்தில் இது ஓரியின் கொடையைவிடக் காரியின் கொடைக்கு நெருக்கமானது. வன்முறை இல்லை, ஒப்பிடுவதில் அந்த அளவுக்கு மிகை இருக்கிறது. ஆனால் அகநானூற்று வரிகளின் மௌனம் இங்கும் தொடர்கிறது. ஆடி 17, 18 நாட்களில், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில், செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டியும் கலை நிகழ்ச்சிகளும் உண்டு. ஆடிப் பெருக்குக்கு அறப்பளீஸ்வரரைக் கும்பிட வரும் கூட்டமும் அதே நாட்களில் சேர்ந்துகொள்ளும். அப்போது மலைக்கு மேல் விருந்தாளியே அதிகம். விருந்தோம்புகிறவர் கடை போட்டிருப்பார்.

மறுப்புகள்

இதற்கு மூன்று மறுப்புகள் வரக்கூடும். முதலாவது, பொருளுக்கும் சுமை உண்டு. பிளாஸ்டிக் பொம்மை ஏதோ ஒரு தொழிற்சாலையின் புகையும் ஏதோ ஒரு குப்பைமேட்டின் பங்கும்தான். இது சரி. அனுபவத்துக்குச் சுமை உண்டு என்று சொல்வதால் பொருளுக்கு இல்லை என்றாகாது. பொருளின் சுமையை வீட்டில் பரண் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது, அனுபவத்தின் சுமை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கிடக்கிறது என்பதே வேறுபாடு. எடையில்லை என்ற எண்ணத்துக்கு அந்தத் தூரமே காரணம்.

இரண்டாவது, சுற்றுலா இல்லாவிட்டால் மலைமக்களுக்கு வருமானம் ஏது என்பது. இதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழுமை இல்லை. வருமானம் எவ்வளவு, எந்தக் கைக்கு என்று பிரித்துப் பார்க்காமல் சுற்றுலாவை மொத்தமாகக் கொடை என்று சொல்ல முடியாது. பயணிகள் வருகைக்குக் கட்டுப்பாடு வந்தால் வருமானம் போய்விடும் என்ற அச்சத்தைச் சோதிக்க இப்போது ஒரு வாய்ப்பு அமைந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த வருஷம் கோடைக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்றும், கொடைக்கானலில் 4,000, 6,000 என்றும் வரம்பு வந்தது. அங்கே வியாபாரிகள் எதிர்த்தார்கள். அந்த இரண்டு ஊர்களின் சில வருஷ அனுபவம், கொல்லிமலை போன்ற சிறிய மலைகளுக்கு எது ஏற்றது என்பதை ஊகத்தைவிட நன்றாகச் சொல்லக்கூடும்.

மூன்றாவது மறுப்பு நுட்பமானது. அனுபவம் என்றால் பயணம்தானா? பாட்டி பேத்திக்கு அதிரசப் பாகின் பதம் சொல்லிக்கொடுப்பதும், பேரன் தாத்தாவைத் திருச்செங்கோட்டுக்கு பஸ்ஸில் கூட்டிப்போவதும் அனுபவம்தானே, அவற்றுக்கு எந்த மலை சுமை தாங்குகிறது? இதை ஏற்றுக்கொள்ள வேண்டும். என் வாதம் விலைக்கு வாங்கிக் கொடுக்கப்படும் அனுபவத்தைப் பற்றியது. ஆனால் உளவியல் ஆய்வுகளின் கேள்வித்தாள்களும் பெரும்பாலும் செலவழித்த பணத்தை வைத்தே தொடங்குகின்றன; பாட்டியின் பாகு அந்தத் தாள்களில் இடம்பெறுவது அரிது. ஆக, அனுபவத்துக்கு ஆதரவாக எடுத்துச் சொல்லப்படும் சான்றில் பெரும்பகுதி கட்டணம் கட்டிய அனுபவத்துக்கான சான்றுதான்.

தீராமல் இருப்பவை

நெருங்கிய உறவில், இருக்க வேண்டியது எல்லாம் இருக்கிறவர்களுக்கு, அனுபவம் பல சமயம் நல்ல பரிசு என்பதை மறுக்கக் காரணம் தெரியவில்லை. கையில் சொத்து இல்லாதவருக்கும், தூரத்து உறவுக்கும், நாளை அடகு வைக்க நேரலாம் என்ற நிலையில் உள்ளவருக்கும் பொருளே மேல் என்பதற்கும் சான்று போதிய அளவு இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே சில கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. மேலே சொன்ன உளவியல் ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. சீரும் மொய்யும் கடமையாக இருக்கும் சமூகத்தில், ஒருவர் தட்டுக்குப் பதில் பயணத்தைக் கொடுத்தால் அது கணக்கில் வரவு வைக்கப்படுமா, குறை வைத்ததாகப் பேசப்படுமா என்பதை அவற்றிலிருந்து ஊகிக்க முடியாது. பெண் வீட்டார் கொடுக்கும் பயணத்தில் பெண்ணுக்குச் சேர்வது என்ன என்ற கேள்வி அதைவிடக் கடினமானது.

விருந்தளிக்கும் பக்கத்தின் மகிழ்ச்சியை அளந்து பார்ப்பது இன்னொரு வேலை. வந்தவர் எவ்வளவு மகிழ்ந்தார் என்று கேட்க அளவுகோல்கள் நிறைய உண்டு. பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் ஆகாய கங்கைப் படிகளைக் கூட்டுகிறவரிடமும், சோளக்காட்டில் மீந்த பலாவை வேனுக்கு வேன் நீட்டி விலை குறைத்துச் சொல்கிறவரிடமும், அந்தப் பரிசில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்கும் கேள்வித்தாளை இனிமேல்தான் எழுத வேண்டும்.